ஹோட்டலில் விழுந்தால் யார் பொறுப்பு?

பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவே இல்லை. மெஸ், பிரியாணிக் கடை, ஏ.சி. ஹால் வைத்த சைவ உணவகம், மாடியில் அறைகள் கொண்ட லாட்ஜ் எல்லாமே நமக்கு ஹோட்டல்தான். அங்கே கை கழுவப் போன பெரியவர் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், சுற்றியிருப்பவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "பார்த்து நடந்திருக்கணும். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தா வாங்கிக்கோங்க. கேஸு, பேப்பர்னு அலைஞ்சா ஒண்ணும் நடக்காது." அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனை தொடக்கம் முதல் கடைசிவரை தவறு.

முதலில், "பார்த்து நடந்திருக்கணும்." கோவளத்தில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் சமுத்ரா ஹோட்டலுக்கு 2006 மார்ச்சில் குடும்பத்தோடு வந்து தங்கியவர் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். குளத்துக்கு உயிர்காப்பாளராக இருந்தவருக்கே மதுக்கூடத்தில் பரிமாறும் வேலையும் கொடுக்கப்பட்டிருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 62.50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காசு வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே அழைக்கிறவருக்கு அவருடைய பாதுகாப்பும் கடமை என்பதே இதன் அடிப்படை. சோப்புத் தண்ணீர் தேங்கிய தரைக்கும் அது பொருந்தும். விழுந்தவரிடமும் கொஞ்சம் கவனக்குறைவு இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், தொகை குறையலாமே தவிர ஹோட்டலின் பொறுப்பு இல்லாமல் போகாது.

"நிர்வாகம் பொறுப்பல்லன்னு போர்டு வச்சிருக்காங்களே?" வைத்திருக்கட்டும். டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் வாகன நிறுத்தத்தில் 1998-இல் கார் களவுபோன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சடித்திருந்ததை ஹோட்டல் காட்டியது. தன் ஊழியரின் கவனக்குறைவை அந்த வாசகத்தால் மறைக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காருக்கே இப்படியென்றால் கைகாலுக்கு வேறு மாதிரி இருக்க நியாயமில்லை.

அடுத்ததுதான் நம் வீடுகளில் அதிகம் கேடு செய்வது: "போலீஸ் கேஸ் ஆகிடும், வீட்ல விழுந்ததா சொல்லிடுங்க." குரோம்பேட்டை அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, விபத்துக் காயத்தோடு போனால் பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். என்பது அதுதான். எங்கே, எத்தனை மணிக்கு, எப்படி என்ற மூன்று விவரமும் அதில் ஏறும். வலியில் துடிப்பவரை வைத்துக்கொண்டு, அலைச்சலுக்குப் பயந்து யாரோ ஒருவர் "வீட்டு பாத்ரூம்ல வழுக்கிட்டார்" என்று சொல்லிவிடுகிறார். பின்னால் வக்கீல் வைத்து என்ன வாதாடினாலும் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த ஒற்றை வரியைத்தான். ஹோட்டலில் விழுந்ததை ஹோட்டலில் விழுந்ததாகவே சொல்லுங்கள், ஏ.ஆர். நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காவல் நிலையத்திலும் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். புகாரைக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அஜாக்கிரதையால் காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் குற்றம். நிலையத்தில் பதிய மறுத்தால் தாம்பரம் காவல் ஆணையருக்கு எழுதலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி ஹோட்டலுக்கு அன்றைக்கே ஒரு விரைவுத் தபால் அனுப்புவது நல்லது.

மேனேஜர் பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வருவார். "சார், எங்களுக்கும் வருத்தம்தான், இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்று வவுச்சரை நீட்டுவார். அதில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பணம் வாங்குவதில் தப்பில்லை. மருத்துவச் செலவில் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டேன் என்று உங்கள் கையால் எழுதிவிட்டு வாங்குங்கள்.

"கேஸ் போட்டா செலவு தாங்காது" என்பதற்கு 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தாலே போதும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம், நீங்கள் கொடுத்த பில் தொகையைப் பொறுத்தது. கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. பில் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 300 ரூபாய்க்குச் சாப்பிட்டவர் 10 லட்சம் இழப்பீடு கேட்டாலும் அப்படித்தான். கொடைக்கானலில் விழுந்த தாம்பரத்துக்காரர் கொடைக்கானலுக்கு ஓட வேண்டாம். தாம் வசிக்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவும், புகார் தாக்கல் செய்யலாம். பில் கட்டியவர் மகன், விழுந்தவர் தந்தை என்றாலும் தந்தை நுகர்வோர்தான். ஆகவே அந்தத் துண்டு பில் முக்கியம். சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும் தாள் அது. போட்டோ எடுத்து வையுங்கள்.

தாமதம் ஆகும் என்பது மட்டும் உண்மை. கோவளம் வழக்குக்கு 13 ஆண்டு பிடித்தது. அதைவிடக் கொடியது டெல்லியின் இன்னொரு வழக்கு. 1972-இல் ஹோட்டல் நீச்சல் குளத்தில் குதித்துத் தலை அடிபட்டு முடங்கிய ஜெர்மானியத் துணை விமானி 1985-இல் இறந்தார். 1997-இல் 50 லட்சம் தீர்ப்பானது. மனுதாரரே இறந்துவிட்டதால் வழக்கு நிலைக்காது என்று மேல்முறையீட்டில் அதுவும் போனது. இது நீதிமன்றங்கள் வெட்கப்பட வேண்டிய தாமதம். காயம்பட்டவர் வழக்கே போடாமல் இருப்பதற்கு அது காரணமாகாது. தள்ளிப்போட நமக்கும் நேரமில்லை, நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டே ஆண்டுதான் அவகாசம்.

கடைசியாக, "பேப்பர்ல ஹோட்டல் பேரைப் போட்டா மானநஷ்ட வழக்கு வரும்." நம் செய்திகளைப் பாருங்கள். விழுந்தவரின் பெயர், வயது, தெரு, சில நேரம் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் படம் எல்லாம் வந்துவிடும். விழுந்த இடம் மட்டும் 'தனியார் ஹோட்டல்'. தரை ஈரமாக இருந்ததா என்று கேட்கும் முன்பே 'எதிர்பாராதவிதமாக' விழுந்தார் என்று முடித்தும் விடுகிறார்கள். நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதைப் பத்திரிகை வெளியிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1994-இல், அதுவும் நக்கீரன் கோபால் தொடுத்த ஆட்டோ சங்கர் வழக்கில். சென்னைப் பத்திரிகையாளர் ஒருவர் வென்று கொடுத்த உரிமை அது; அதைப் பயன்படுத்தச் சென்னைப் பத்திரிகைகளே தயங்குவது வேதனை. ஒருதலைச் செய்தியால் பாதிக்கப்பட்டவர் முதலில் ஆசிரியருக்கு எழுதி, பலனில்லையென்றால் பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாம். கவுன்சிலால் அபராதம் போட முடியாது, கண்டிக்க முடியும். தொலைக்காட்சி அதன் வரம்பில் வராது.

இதே நியாயம் ஹோட்டல்காரருக்கும் உண்டு. விசாரிக்காமல் அவரைக் குற்றவாளியாக்குவதும் பிழைதான். ஆசிரியர்களே, புகார் பதிவாகியிருந்தால் ஹோட்டலின் பெயரை எழுதுங்கள், அவர்கள் தரும் பதிலை அதே செய்தியில் போடுங்கள். விழுந்தவரின் முகத்தை அவர் சம்மதமில்லாமல் அச்சிடாதீர்கள்.