கப்பல் விட்டுக் கப்பல் ஏறும் பிரயாணம்!

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் ஓர் அருவியோடு நிற்பது இல்லை. காலையில் பேரருவியில் தலையைக் கொடுப்பார்கள். ஈரத்துண்டு காய்வதற்குள் ஐந்தருவிக்கு ஆட்டோ பிடிப்பார்கள். மாலையில் பழைய குற்றாலம். "எல்லாம் ஒரே மலைத் தண்ணீர்தானே, எதற்கு இந்த அலைச்சல்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். ஒவ்வோர் அருவிக்கும் ஒரு வேகம் உண்டு. ஒரு சுகம் உண்டு. குளித்தவர்களுக்கு அது தெரியும்.

கடலிலும் இப்படி ஒரு கூட்டம் கிளம்பி இருக்கிறது!

உல்லாசக் கப்பலில் ஒரு வாரம் சுற்றுகிறார்கள். காலையில் துறைமுகத்தில் இறங்குகிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போவது இல்லை. அன்று பிற்பகலே, பக்கத்தில் நிற்கும் வேறு ஒரு கப்பலில் ஏறிவிடுகிறார்கள். அது போகிற திசை வேறு. சாப்பாடு வேறு. ஆட்டம் பாட்டம் வேறு. அமெரிக்காவில் மயாமி, ஐரோப்பாவில் பார்சிலோனா, நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர். இங்கே எல்லாம் ஒரே நாளில் பல கப்பல்கள் வந்து நிற்கும். அதனால் இது நடக்கிறது. பெரும்பாலும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களே இப்படிப் போகிறார்கள். லீவு கேட்க வேண்டியது இல்லை அல்லவா?

ஒரே கப்பலில் தொடர்ந்து இரண்டு சுற்றுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தொல்லை குறைவு. பெட்டி படுக்கையை அறையிலேயே வைத்துவிடலாம். கீழே இறங்கிக் கணக்குக் காட்டிவிட்டு மறுபடியும் ஏறினால் போதும். ஆனால் மூன்றாம் நாள் போட்ட கூத்தையே பத்தாம் நாளும் பார்க்க வேண்டும். அந்தச் சலிப்புக்குப் பயந்துதான் கப்பலை மாற்றுகிறார்கள்.

தென்காசியில் இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது. தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை வட்டாரத்தில் பிள்ளைகளை வெளிநாட்டில் வேலைக்கு அனுப்பிவிட்டு, தனியே இருக்கும் பெரியவர்கள் பலர். "அப்பா, இத்தனை தூரம் சிங்கப்பூருக்கு வருகிறீர்கள். ஒரு கப்பலுக்கு இரண்டு கப்பலாகப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று மகன் சொல்வது இப்போது அதிசயம் இல்லை. மகன் அன்பாகத்தான் சொல்கிறான். ஆனால் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாறும் நாளில்தான் சிக்கல்

முதல் கப்பல் காலை ஆறு, ஏழு மணிக்குத் துறைமுகத்தில் சேரும் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் இறங்கி முடிய ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். இரண்டாவது கப்பல் மாலை நான்கு, ஐந்து மணிக்குப் புறப்படும். "ஆறு மணி நேரம் இருக்கிறதே, போதாதா?" என்று தோன்றும்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதும். ஆனால் கடல் கடிகாரத்தைப் பார்ப்பது இல்லை! மூடுபனி இறங்கினால் கப்பல் துறைமுக வாயிலிலேயே நிற்கும். புயல் வந்தால் வழியை மாற்றிக்கொண்டு சுற்றி வரும். இரண்டாவது கப்பலோ யாருக்காகவும் காத்திருக்காது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே, சில இடங்களில் அதற்கும் முன்னதாகவே, ஆள் ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள்.

அப்படித் தவறிவிட்டால் பணம் யார் கொடுப்பது? முதல் கம்பெனி, "உங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்" என்று சொல்லும். இரண்டாவது கம்பெனி, "நீங்கள் வரவில்லை" என்று சொல்லும். இரண்டு பேர் சொல்வதும் சட்டப்படி சரிதான். நடுவில் நிற்கிறவர் கையில் பெட்டி மட்டும் இருக்கும். பிரயாண இன்சூரன்சு எடுத்தவருக்கு ஏதாவது கிடைக்கலாம். அதிலும், இத்தனை மணி நேரம் தாமதம் ஆனால்தான் பணம் என்று நிபந்தனை இருக்கும். அந்தச் சிறிய எழுத்தை டிக்கெட் வாங்கும் நாளிலேயே படித்துவிடுவது நல்லது.

விசாவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரில் கப்பல் ஏறி மலேசியாவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், சிங்கப்பூரை விட்டுப் போய் மறுபடியும் உள்ளே வருகிறவராகவே கணக்கு. அடுத்த கப்பலில் ஏறினால் அது இன்னொரு போக்கு, இன்னொரு வரவு. ஒரே தடவை நுழைய அனுமதிக்கும் விசாவை வைத்துக்கொண்டு இரண்டு கப்பலுக்கு டிக்கெட் வாங்குவது, இலையைப் போடாமல் சாதத்தைப் பரிமாறியது போல ஆகும். எத்தனை தடவை உள்ளே வரலாம் என்பதைப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் காலம் பாக்கி இருக்க வேண்டும்.

கப்பல் தேதியே மாறிப்போவதும் உண்டு. 2025 டிசம்பரில் சிங்கப்பூரில் இருந்து முதல் பிரயாணம் புறப்படுவதாக இருந்த டிஸ்னி கம்பெனியின் புதிய கப்பல், 2026 மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனது. இப்படித் தள்ளிப்போனால் அந்தக் கப்பலின் பணம் திரும்ப வரும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வேறு கம்பெனியில் வாங்கிய டிக்கெட்டுக்கு அவர்கள் பொறுப்பு இல்லை.

தாத்தா காலத்து டிக்கெட்

வேடிக்கை என்ன என்றால், இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் 100 ஆண்டுகளுக்கு முன்பே வழி இருந்தது!

1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறந்தது. சென்னை எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் போதும். ரெயிலில் தனுஷ்கோடி. அங்கே கப்பல். 20 மைல் சொச்சம் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரெயில். ரெயில், கப்பல், ரெயில் என்று மூன்று வண்டி மாறினாலும் டிக்கெட் ஒன்றுதான். "போட் மெயில்" என்ற பெயர் அதனால் வந்தது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. தனுஷ்கோடி வழியாகப் போன அந்த ஏற்பாடும் அதோடு போயிற்று.

ஒரே டிக்கெட் என்றால் ஒரே பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் நடுவில் உள்ள இடைவெளி பிரயாணியின் தலையில்! இன்றைய உல்லாசக் கப்பல்களில் வசதிக்குக் குறைவு இல்லை. நீச்சல் குளம் இருக்கிறது, சினிமாக் கொட்டகை இருக்கிறது. இந்த ஒரு வசதி மட்டும் இல்லை.

சாரல் அடித்தால் கப்பல் நகரும்

சரி, வெளிநாட்டுக்குப் போகாமல் நம் நாட்டிலேயே இரண்டு கப்பல் மாற முடியுமா?

தென்காசி இருக்கும் இடத்தைப் பாருங்கள். கிழக்கே 100 கிலோ மீட்டர் போனால் தூத்துக்குடி. மேற்கே மலையைத் தாண்டி ஏறக்குறைய அதே தூரம் போனால் கொல்லம். அதற்கு அப்பால் கொச்சி. செங்கோட்டை-புனலூர் மலைப்பாதையில் 1904-ம் ஆண்டு ரெயில் வந்தது. 2010-ல் மீட்டர் பாதையை மூடினார்கள். 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். பாலக்காட்டில் இருந்து கொச்சி, கொல்லம், செங்கோட்டை, தென்காசி வழியாக நெல்லை வரை ஓடிய பாலருவி எக்ஸ்பிரஸ், 2024 ஆகஸ்டில் தூத்துக்குடி வரை நீண்டது. ஆக, ஒரு துறைமுகத்தில் இருந்து இன்னொரு துறைமுகத்துக்குத் தென்காசி வழியாக ஒரே ரெயில்! கப்பல் மாற இதைவிட நல்ல ஊர் உண்டா?

ஊர் சரி. காற்றுதான் ஒத்துவரவில்லை.

ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது. ஊருக்கே கொண்டாட்டம். ஆனால் அதே காற்றுதான் அரபிக் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. கொச்சியில் இருந்து லட்சத்தீவுக்குப் போகும் உல்லாசப் பயணங்கள் அந்த மாதங்களில் நின்றுவிடும். குற்றாலத்தின் சீசன், மேற்குக் கடற்கரைக் கப்பலுக்கு ஓய்வு காலம்! (அந்த நாளில் தென்காசிப் பக்கம் மிதப்பது ஒன்றே ஒன்றுதான். ஐந்தருவிப் பாதையில் வெண்ணமடைக் குளத்துப் படகு. மழை பெய்து குளம் நிரம்பினால் அதற்குத்தான் கிராக்கி.)

2021 செப்டம்பரில் கார்டீலியா கம்பெனியின் "எம்பிரஸ்" கப்பல் மும்பையில் இருந்து ஓடத் தொடங்கியது. 1990-ல் கடலில் இறங்கிய பழைய கப்பல். 2022 ஜூன் 4-ந் தேதி அது சென்னையில் இருந்து புறப்பட்டது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடி அசைத்து அனுப்பினார். ஜூன் மாதத்தில் சென்னைக்கு வந்தது ஏன்? மேற்கே மழை, கிழக்கே வெயில். ஐப்பசியில் இங்கே வடகிழக்குப் பருவமழையும் புயலும் ஆரம்பிக்கும் முன்பே, கப்பல் மறுபடியும் மேற்கே போய்விடும். வலசை போகும் பறவை மாதிரி! ஒரு கரையில் கப்பல் நிற்கும்போது மறு கரை காலியாகக் கிடக்கும். பாலருவி ரெயில் இரண்டு கரையையும் இணைத்தும், கப்பல் மாற முடியாமல் போவது இதனால்தான்.

அந்த 2022 பயணத்தில் புதுச்சேரியிலும் கப்பல் நிற்பதாக இருந்தது. சூதாட்டம் வந்துவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. அரசு அனுமதி கொடுக்கவில்லை. கடலில் இருந்தே கரையைப் பார்த்துவிட்டுப் பிரயாணிகள் திரும்பினார்கள். அன்று புதுச்சேரியில் இறங்கி வேறு எங்காவது போகத் திட்டம் போட்டிருந்தவர் கதி என்ன ஆகியிருக்கும்?

2023 ஜூனில் இதே கப்பல் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றிக் காட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குச் "செரியபாணி" என்ற சிறு கப்பல் கிளம்பியது. வரியோடு கட்டணம் 7,670 ரூபாய். நான்கு மணி நேரத்தில் யாழ்ப்பாணக் கரை! பெரிய கப்பலில் போய்ச் சின்னக் கப்பலில் திரும்பலாமே என்று ஆசைப்பட்டவர்கள் இருக்கலாம். ஆனால் சின்னக் கப்பல் வந்தபோது பெரிய கப்பலின் சென்னைப் பருவம் முடிந்துவிட்டது. சின்னக் கப்பலும் ஒரு வாரத்தில், மழையைக் காரணம் காட்டி நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ந் தேதி "சிவகங்கை" என்ற கப்பலோடு மறுபடியும் தொடங்கியது. மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் திரும்பவும் ஓடியது.

தூத்துக்குடிக்கும் ஒரு முறை ஆசை காட்டினார்கள். 2011 ஜூனில் "ஸ்கோஷியா பிரின்ஸ்" என்ற கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. நவம்பரில் நின்றது. ஐந்து மாத ஆயுள்!

இரண்டாவது கப்பல் வந்தால்...

தூத்துக்குடிக்காரர்களுக்கு இரண்டாவது கப்பலின் அருமை முன்பே தெரியும். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மறு ஆண்டு "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இவரை ஒழிப்பதற்காகக் குறைத்தது என்பது வேறு விஷயம். 1908-ல் அவரைச் சிறையில் போட்டார்கள். கம்பெனியும் நொடித்தது.

இன்றும் அதே கதைதான். ஒரு கம்பெனி மட்டும் ஓட்டும் வரை, அது வைத்ததுதான் விலை; அது சொன்னதுதான் தேதி. 2023 நவம்பரில் "கோஸ்டா செரீனா" என்ற இத்தாலியக் கம்பெனிக் கப்பல், 3,000 பேருக்கு மேல் ஏறக்கூடியது, மும்பை, கொச்சி, லட்சத்தீவுப் பக்கம் ஓடியது. அந்தப் பருவத்தில் நம் கடலில் இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களை ஒப்பிட்டுப் பார்க்க நம் ஜனங்களுக்கு வாய்ப்பு வந்தது. 2024 செப்டம்பர் 30-ந் தேதி மத்திய அரசு "குரூஸ் பாரத்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பிரயாணிகளை இரண்டு மடங்கு ஆக்குவது நோக்கம். துறைமுகத்தில் கட்டிடம் கட்டுவதோடு, ஒரே டிக்கெட்டில் இரண்டு கப்பல் மாறும் வசதிக்கும் வழி செய்தால் பெரியவர்கள் தைரியமாகப் போவார்கள்.

அதுவரை? ஒரு வழி இருக்கிறது. சொகுசு இல்லை, ஆனால் கப்பல் மாறுவது உண்மை. சென்னையில் இருந்து அந்தமானுக்கு அரசாங்கக் கப்பல் போகிறது. ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம். போர்ட் பிளேர் என்று இருந்த ஊர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. அங்கே இறங்கிச் சிறு கப்பல் பிடித்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஹேவ்லாக் தீவு. இப்போது அதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர். அங்கிருந்து நீல் தீவுக்கு இன்னொரு கப்பல். பெரிய கப்பல் மாதத்தில் சில தடவைதான் வரும். தேதி முன்னே பின்னே ஆகும். மாலையில் செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை. திரும்பி வரும் தேதியை மட்டும் யாரிடமும் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. கல்யாண முகூர்த்தம் ஏதாவது இருந்தால், அதற்குப் பிறகு கிளம்புவதே உத்தமம்.