பாட்டின் வேகமும் பாடகர் உரிமையும்

ராமாபுரம் (மைசூர்): காதுகுத்து முதல் சங்க ஆண்டு விழா வரை இன்று ஒலிபெருக்கியில் ஒரு விந்தையைக் கேட்கலாம். பாட்டு பழையது, குரலும் பழைய குரலே. நடை மட்டும் பிள்ளைகளின் ஆட்டத்துக்கேற்ப ஓட்டம் பிடிக்கிறது.

இசைத்தட்டுக் காலத்தில் இது நடவாது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் விட்டால், வேகத்தோடு சுருதியும் ஏறும். ஷட்ஜம் ஏறக்குறைய மத்தியமத்தில் போய் நிற்கும். வேகத்தையும் சுருதியையும் பிரிக்கும் கணக்கு முறை ஒன்றை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பிளானகனும் கோல்டனும் 1966இல் வெளியிட்டனர். 2001இல் வந்த ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களால் அத்தகைய வேலை வீட்டுக் கணினிக்கே வந்துவிட்டது. ஒலியை மிகச் சிறு துண்டுகளாக்கி, நெருக்கியோ தள்ளியோ அடுக்குவதே இதில் ஒரு வழி. அளவு மீறினால் மிருதங்கச் சொல் மழுங்கும், குரல் தகரமாகும்.

இசை பயிலும் மாணவன் கடினமான சங்கதியை மெதுவாக்கிக் கேட்டுப் பழகலாம். இதை வரவேற்போம். ஆனால் காலப்பிரமாணம் என்பது பாடுபவர் தீர்மானித்தது. அதை மாற்றி, பெயரையும் மறைத்து, விற்பனைக்கு விடுவது எந்த ஊர் நியாயம்?

2012ஆம் ஆண்டு திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 38பி பிரிவு, பாடியவர் தம் பெயரைக் கோரவும், தம் புகழுக்கு ஊறு செய்யும் சிதைவைத் தடுக்கவும் உரிமை தருகிறது. நேரத்துக்குள் அடக்க வெட்டுவதும், முற்றிலும் தொழில்நுட்பக் காரணத்துக்கான மாற்றமும் அதில் குற்றமல்ல. ஆகவே விழா நடத்துவோர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

2024இல் வெளியான 'லால் சலாம்' படத்தில், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைக் கணினியால் மீட்டெடுத்த ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். அந்த முறையே முறை.

புகழ் பெற்றவர்களுக்கு வழக்கறிஞர் உண்டு. பகலெல்லாம் மூட்டை தூக்கி, இரவில் அம்மன் திருவிழாவில் பாடும் நம் தொழிலாளிக்கு யார் உண்டு? அவர் பாட்டைக் கைப்பேசியில் பிடித்து, தாளத்துக்கு இழுத்து, யாரோ காசு பார்க்கலாம். சட்டம் அவருக்கும் பொதுவானதே. தமிழ்ச் சங்கங்கள் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பாடுவோர் பெயரை மேடையில் அறிவிக்க வேண்டும். கேட்காமல் பதிவு செய்ய இடம் தரலாகாது.