கொப்பி குப்பையில்லை

சித்திரை வருஷம் பிறக்கிறதுக்கு முந்தி வீட்டை ஒதுக்கிச் சுத்தம் பண்றது நம்ம வழக்கம்தான். இப்போ அதுக்கு ஒரு தத்துவமும் வந்திருக்கு. ஜப்பானியப் பெண் மரி கொண்டோ 2011இல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்கப் பரவியது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடு, மகிழ்ச்சி தருதான்னு பார், தராவிட்டால் அனுப்பிவிடு என்பது அவரது வழி. கடுதாசி விஷயத்தில் இன்னும் கறார்: கிட்டத்தட்ட எல்லாத்தையும் வீசச் சொல்கிறார். உடுப்புக்கு இது பொருந்தலாம். கண்டியிலும் சுத்துப்பட்டுத் தோட்டங்களிலும் இருக்கிற நம்ம வீட்டுச் சமையல் கொப்பிக்கு இது பொருந்தவே பொருந்தாது.

எல்லாத்தையும் கட்டிக் காப்பாத்துங்கன்னு நான் சொல்லவில்லை. ஹில்டா டியூட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகம் 1929இலிருந்து பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது, இன்னும் கடையில் கிடைக்கிறது. திறக்காமல் தூசி பிடிக்கிறதென்றால் யாருக்காவது கொடுத்துவிடுங்க. குக்கரோடு வந்த சின்னப் புத்தகம், ஒருநாளும் செய்யப்போகாத கேக்குக்காக வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டு, எல்லாம் தாராளமாகப் போகட்டும். அச்சடிச்சதுக்கு எங்கேயோ இன்னொரு பிரதி இருக்கும்.

ஆனால் நடக்கிறது தலைகீழ். பளபளப்பான படப் புத்தகம் அலுமாரியில் நிற்கிறது. எண்ணெய்க் கறை பிடித்த சீ.ஆர். கொப்பி பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகிறது. இன்னொரு பிரதியே இல்லாததைத்தான் நாம் முதலில் வீசுகிறோம்.

அந்தக் கொப்பி எங்கிருந்து வந்தது என்று யோசிங்க. 10 அடிக்கு 12 அடி லயக் காம்பிராவில் வாழ்ந்த அம்மாயிமார் எழுதி வைக்கவில்லை. விடியக்காலை பெரட்டுக்கு ஓடினவங்களுக்கு நேரமும் இல்லை, பலருக்கு எழுத்தும் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுக்கவே 1970கள் ஆகிவிட்டது. அதனால் பல வீடுகளில் இந்தக் கொப்பிதான் ஒரு பெண் தன் விருப்பத்துக்கு எழுதிய முதல் எழுத்து. கங்காணியின் பெயர் செக்ரோலில் இருக்கும், துரையின் பெயர் கல்லறையில் இருக்கும். அம்மாவின் கையெழுத்து வேறெங்கே இருக்கு?

கடுதாசியை வீசுன்னு நமக்குச் சொல்றது கொஞ்சம் வேடிக்கையும்கூட. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் கேட்டதே கடுதாசிதான். அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், காட்டு என்றது. காட்ட முடியாத லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பிரித்தது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்காக 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சமையல் கொப்பி பிரஜாவுரிமை வாங்கித் தராது, தெரியும். ஆனால் இந்த மண்ணில் என்ன தின்று, எப்படி உயிர் பிடித்தோம் என்பதற்கு அது சாட்சி.

‘எல்லாம்தான் யூடியூப்பில் இருக்கே’ என்பாங்க. யூடியூப்பில் இருப்பது பொதுவான ரொட்டி. தேங்காய் விலை ஏறின மாசத்தில் ஒரு சுண்டு கோதுமை மாவுக்கு எவ்வளவு தேங்காய்ப்பூ போட்டால் ஆறு பேருக்குக் காணும் என்ற கணக்கு அங்கே இல்லை. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோமே, அப்போது விறகடுப்பில் எந்தச் சட்டியை எவ்வளவு நேரம் வைப்பது என்று தெரிந்திருந்தது பழைய ஆட்களுக்குத்தான். கொப்பியில் றாத்தலும் சுண்டும் பால்மா டின்னும் அளவாக இருப்பது குறையில்லை. எந்தக் காலத்தில், என்ன வசதியில் சமைத்தார்கள் என்பதை அந்த அளவுகளே சொல்கின்றன.

‘போட்டோ எடுத்துட்டு வீசிரலாமே?’ போட்டோ எடுங்க, வீசாதீங்க. போன் தொலையும், உடையும், இடம் போதாமல் அழிக்கப்படும். எந்தப் பக்கத்தில் கறை கூட என்பது எந்தக் கறி அடிக்கடி வெந்தது என்று சொல்லும். நடுவில் மாறுகிற கையெழுத்து, மருமகள் வந்த வருஷத்தைச் சொல்லும்.

ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கு. தொழிற்சாலை யந்திரங்களுக்குக் கூரை கிடைத்துவிட்டது. கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகத்தை உருவாக்கினார்கள். இணையத்தில் ‘நூலகம்’ திட்டம் 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை மின்பிரதியாக்கி வருகிறது. ஆவணம் என்பது துரைமாருக்கு மட்டும் உரியதில்லை என்று இவர்கள் காட்டிவிட்டார்கள். மீதி வேலை நம்ம வீட்டுக்குள்ளே.

ஒரு பின்னேரம் போதும். அச்சுப் புத்தகங்களைத் தனியாகப் பிரிங்க, வேண்டாததைக் கொடுத்துவிடுங்க. கையெழுத்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினவர் பெயர், தோட்டம், டிவிஷன், வருஷம் எழுதுங்க. அம்மா பக்கத்தில் இருந்தால் ‘அளவா உப்பு’ன்னா எவ்வளவுன்னு கேட்டு ஓரத்தில் குறியுங்க. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்க. அப்புறம் கொப்பியை ஈரம் படாத தட்டில் வையுங்க.

அது மகிழ்ச்சி தருதான்னு கேட்கத் தேவையில்லை. அதில் சில பக்கங்கள் பஞ்ச காலத்தில் எழுதப்பட்டவை. மகிழ்ச்சி தராது. ஆனாலும் அது இருக்கணும்.