ஏவலும் வியங்கோளும்

ஸ்பானிய பாஷையைப் போதிக்கும் நம்மவர் வகுப்புகளில், மாணாக்கர் நிகழ்காலத்தில் ஓரளவு தேறியதும் கட்டளை வினைகளின் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்விப்பது சம்பிரதாயமாகிவிட்டது. அவ்வட்டவணை பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோருக்கென இயற்றப்பட்ட புத்தகங்களிலிருந்து வருவது. ஒருமைக்கும் பன்மைக்கும், தோழனுக்கும் பெரியவருக்கும் ஒரே முன்னிலைச் சொல்லை வழங்கிப் பழகியவர்களுக்கு மரியாதை வழக்கென்று ஒன்றுண்டு என்பதையே பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, தமிழ் மாணாக்கன் உண்மையில் இடறும் இடத்தை அவை தொடாமலே கடந்துவிடுகின்றன.

விதிவழி நடக்கும் வினைகளை ஏவலாக்குவது கடினமன்று. நெருங்கிய ஒருவரைத் ‘தூ’ என்று விளிக்குங்கால், நிகழ்காலப் படர்க்கை ஒருமை வடிவமே ஏவலாக நிற்கும். பேசுதலைக் குறிக்கும் அப்லார், உண்ணுதலைக் குறிக்கும் கோமேர், எழுதுதலைக் குறிக்கும் எஸ்க்ரிபீர் ஆகியவை முறையே அப்லா, கோமே, எஸ்க்ரீபே என்றாகும். ஸ்பெயினில் நெருங்கியவர் பலரை விளிக்கும் ‘வோசோத்ரோஸ்’ வழக்கில், வினைப்பெயரின் ஈற்று ரகரம் தகரமாக, அப்லாத், கோமேத், எஸ்க்ரிபீத் என வரும். அர்ஜென்டினா முதலிய நாடுகளின் ‘வோஸ்’ வழக்கில் அத்தகரமும் உதிர்ந்து, அழுத்தம் மட்டும் கடைசி அசையிலேயே தங்கிவிடும். சொல்லழுத்தத்தால் பொருள் வேறுபடாத தமிழில் வளர்ந்த செவிக்கு இது எளிதில் பிடிபடாதாகையால், இங்கே வாய்விட்டுச் சொல்லும் அப்பியாசம் இன்றியமையாதது.

ஏவலுக்கென்றே அம்மொழி தனியே வைத்திருக்கும் வடிவங்கள் இவ்வளவுதான். மற்றவை அனைத்தும் இரவல்.

மரியாதைக்குரிய ‘உஸ்தேத்’ என்னும் சொல், ‘தங்கள் கிருபை’ என்ற பொருளுடைய பழைய உபசாரத் தொடரொன்று தேய்ந்து பிறந்தது. கிருபை படர்க்கைப் பொருளானபடியால் அதனோடு சேரும் வினையும் படர்க்கை. எதிரே இல்லாததாகப் பாவிக்கப்படும் ஒன்றை நேரே ஏவ வழியில்லை, அது செய்யட்டும் என்று விழையவே கூடும். ஆகவே விழைவைக் காட்டும் வினைவடிவம் இங்கே கடனாகப் பெறப்படுகிறது: அப்லே, கோமா, எஸ்க்ரீபா. ‘எதிர் உயிரெழுத்தை மாற்றிப் போடு’ என்று நாம் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி கைக்கு உதவுமேயன்றிக் காரணம் சொல்லாது. ஏவலை முன்னிலைக்கு உரியதாகவும், வியங்கோளை மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் பொதுவாகவும் வகுத்த இலக்கண மரபில் வந்த நமக்குக் காரணம் கையிலேயே இருக்கிறது. செப்டம்பர் 15 இரவில் மெக்ஸிகோவின் குடியரசுத் தலைவர் அரண்மனை மாடத்தில் நின்று ‘பீபா மெஹிகோ’ என்று முழங்குவது ‘மெக்ஸிகோ வாழ்க’ என்பதேயாகும். அதே ‘பீபா’ உஸ்தேத்தை நோக்கிச் சொல்லப்படுங்கால் மரியாதைக் கட்டளை. ‘பேசுவோமாக’ என்னும் பொருளுடைய ‘அப்லேமோஸ்’ என்பதும் இக்குடும்பத்ததே.

இடறும் இடம் இதற்கு அடுத்தது. தமிழில் மரியாதை பன்மையால் வருவதாகையால், நம் மாணாக்கன் பெரியவர் ஒருவரிடமே பன்மைக்குரிய ‘பாசென்’ என்று சொல்லி வழிவிடுகிறான். அவரோ தமக்குப் பின்னால் இன்னும் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். ‘பாசே, பாசே’ என்று ஒருமையை இரட்டித்தால் ‘வாருங்கள், வாருங்கள்’ என்ற அதே உபசாரம் கனிந்து வரும். மரியாதையும் ஒருமையும் ஒருங்கே நிற்கக்கூடும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பிரயோகத்தில் இன்னும் நுட்பங்கள் உண்டு. மெக்ஸிகோவில் பெரியவர் அழைத்தால் ‘மாந்தே’, அதாவது ‘கட்டளையிடுக’, என்று குரல் கொடுப்பது பணிவு. ஆணைவடிவமே ஆணைக்குக் காத்திருப்பதாக அமைகிறது! கொலம்பியாவின் பொகோத்தாவில் உடன்பிறந்தாரும் தம்பதிகளுங்கூட ஒருவரையொருவர் உஸ்தேத் என்பதால், அவ்வடிவத்தை வெறும் தூரத்தின் சின்னமென்று போதிப்பதும் பிழையே. எழுத்து மாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: பாகார் ‘பாகே’ ஆகும்போது இடையில் ஓர் உகர எழுத்து நுழைவது ககர ஓசையைக் காப்பதற்கேயாம், விதிவழி வினையை விதிவிலக்கென்று பட்டியலிட்டு மாணாக்கரைக் கலவரப்படுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும்.

வரும் பருவத்துக்குப் பாடக்குறிப்பு வரையும் ஆசிரியர்கள், தூ வடிவங்களை ஏவல் என்னும் தலைப்பிலும் உஸ்தேத் வடிவங்களை வியங்கோள் என்னும் தலைப்பிலும் பிரித்தமைத்து, தங்கள் வகுப்பு அனுபவத்தை இப்பத்திரிகைக்கு எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.