சாணக் கரைசலும் சுரங்கச் சேறும்

சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். கரைசல் கெட்டியாக வந்தால் வெளிவாயிலுக்குப் பக்கத்திலேயே குவிந்து நிற்கும். யாராவது ரெண்டு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றிவிட்டால், அன்றைக்கே ஓடிப்போய் வாழைப்பாத்தியில் படுத்துக்கொள்ளும். சாணம் அதேதான், கலனும் அதேதான். மாறியது தண்ணீர் மட்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பக்கத்துத் தோட்டத்துத் தம்பி போன வாரம் கேட்டார்: "டங்ஸ்டன் கதைதான் முடிஞ்சு போச்சே, இன்னும் எதுக்குண்ணே அதையே பேசிக்கிட்டு இருக்கீங்க?"

மேலூர்ப் பக்கம் நாயக்கர்பட்டி ஏலத்தை 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ரத்து செய்தது உண்மைதான். நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்த சனம் வாங்கிக் கொடுத்த வெற்றி அது. சோழவந்தான்காரனுக்கு அதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். எங்களுக்கு மேற்கே பேரணையில் பிரிகிற பெரியாறு பிரதானக் கால்வாய்தான் மேலூர் வரை போகிறது. ஒரே தண்ணீரின் தலைமடை நாங்கள், கடைமடை அவர்கள். ஏலம் ரத்தானாலும் தாது பாறைக்குள்ளேதான் இருக்கிறது. முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் விலக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு.

டங்ஸ்டன் தாதுவில் உலகெங்கும் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சரக்கு இருக்காது. மிச்சம் முழுக்க மாவாக அரைபட்டு, தண்ணீரோடு சேறாக வெளியே வரும். பழைய வழக்கம், அணை கட்டி அதைத் தேக்குவது. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று அப்படி ஓர் அணை உடைந்து 270 பேர் செத்தார்கள். அதனால் இப்போது சொல்லப்படுகிற நல்ல வழி, சேற்றைக் கெட்டியாக்கி, நடுவில் ஒரு குழாயிலிருந்து கொட்டி, கூம்பாகக் குவிப்பது. கனடாவில் டிம்மின்ஸ் ஊருக்குப் பக்கத்தில் கிட் கிரீக் சுரங்கக் கழிவை 1973 முதல் இப்படிக் கொட்டினார்கள். ராபின்ஸ்கி என்ற பொறியாளரின் யோசனை அது. தண்ணீர் மிச்சம், பெரிய அணை தேவையில்லை. நான் இதைக் குறை சொல்ல வரவில்லை. தேக்கி வைப்பதைவிட இது மேல்தான்.

சிக்கல் சரிவில் இருக்கிறது. நூறு அடிக்கு ஆறு அடி வரைகூடச் சரிவு நிற்கும் என்று ஆரம்பத்தில் நம்பினார்கள். களத்தில் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று அடிதான் கிடைக்கிறது. சோதனைக்கூடத் தொட்டியில் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தால் செங்குத்தாக நிற்கும். சுரங்கத்தில் இரவும் பகலும் பெருங்குழாயில் கொட்டும்போது, சேறு தனக்கென்று வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடி, தட்டையாகப் பரவும். தோசை மாவைக் கரண்டியால் விடுவதற்கும் பானையோடு கவிழ்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அரைபடும் பாறையில் களிமண் கூடினாலோ, கெட்டியாக்கும் தொட்டி ஒரு வாரம் சரியாக ஓடாவிட்டாலோ கணக்கு மறுபடியும் மாறும். வடிவமும் படத்தில் போடுகிற நேர்க்கூம்பு அல்ல. உச்சியில் கொஞ்சம் செங்குத்து, ஓரத்துக்குப் போகப் போகச் சப்பை. அந்தச் சப்பையான ஓரம்தான் நம்ம வயலைத் தொடுகிற இடம்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். நூற்றுக்கு 4 அடிச் சரிவு என்று சொல்லி 100 ஏக்கர் வாங்குகிறார்கள். 2 அடிதான் நின்றது என்று வையுங்கள். அதே அளவு சேற்றுக்குக் கிட்டத்தட்ட 159 ஏக்கர் வேண்டும். அந்த 59 ஏக்கரை எங்கே போய்த் தேடுவார்கள்? மேலூர்ப் பூமி கண்மாய்ச் சங்கிலி. ஒரு கண்மாயின் மறுகால்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. நடுவில் ஒரு வரத்துக்காலை மூடினால் கீழே உள்ள அத்தனை ஆயக்கட்டும் காயும். மூடாமல் பக்கத்திலேயே நின்றாலும் ஐப்பசி மழை சும்மா விடாது. கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் அந்தச் சயனைடு மேடுகளைப் பார்த்திருப்பார்கள், மழை எப்படி வாரி வாரி ஓடை கீறியிருக்கிறது என்று. அங்கே உழைத்துத் தேய்ந்தவர்களில் நம்ம தமிழ்ச்சனம் எவ்வளவு! சுரங்கம் 2001-ல் மூடியது. மேடு இன்னும் நிற்கிறது, காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. அது கெட்டியாக்கிக் கொட்டிய கழிவு இல்லைதான். ஆனால் மழைக்கு அந்த வேறுபாடெல்லாம் தெரியாது.

சரிவைக் கணிப்பது கஷ்டம் என்பது அந்தத் துறைப் பொறியாளர்களுக்கே தெரிந்த விசயம். ஆனால் திட்ட அறிக்கைக்கு ஓர் எண் தேவை, எழுதிவிடுவார்கள். எண் தப்பானால் நட்டம் அறிக்கை எழுதினவருக்கு இல்லை, ஓரத்தில் நிலம் வைத்திருக்கிறவருக்கு.

கருத்துக்கேட்பு இல்லையென்றால் கிராம சபைதான் நமக்கு மிச்சம். "வேண்டாம்" என்று தீர்மானம் போடுவது சரி. அதோடு இன்னொரு தீர்மானமும் போடலாம் என்பது என் எண்ணம். இனி எந்தச் சுரங்கக்காரர் வந்தாலும், சொல்கிற சரிவில் பாதிதான் நின்றால் கழிவு எந்தப் புல எண் வரை வரும், எந்த வரத்துக்கால் மூடும் என்று கிராம வரைபடத்தில் கோடு போட்டுக் கையெழுத்தோடு தர வேண்டும். தம்பியிடம் இதைச் சொன்னேன். "கோடு போட்டா நம்ம கொடிக்கால் வரைக்கும் வந்துரும்போலயே" என்று சிரித்தார். பிறகு தன் கலனுக்கு எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றுவது சரி என்று கேட்டுவிட்டுப் போனார்.