மறைந்து மீண்ட ஒரு பானம்



திருப்பதியிலும் சித்தூரிலும் கோடை வெயிலில் கடைமுன் நிற்கும் தமிழரும் தெலுங்கரும் ஒரே சொல்லால் கேட்டு வாங்கும் பொருள் ஒன்று உண்டு. அதுவே கோலி சோடா. 1872-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹைரம் காட் என்பார் காப்புரிமை பெற்ற புட்டி அது. உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை மேலே தள்ளிப் புட்டியின் வாயை அடைத்துவிடும். அவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு பானத்தின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் மீட்சியையும் இம்மாதம் எடுத்துரைக்க விழைகின்றோம். மறைந்துபோன அப்பானம் மீண்டும் முதலில் விற்பனைக்கு வந்தது, நாம் குடியேறி வாழும் இவ்வாந்திர நாட்டிலும் அண்டையிலுள்ள தெலங்கானாவிலுமே ஆகும்.

அதன் பெயர் கேம்பா கோலா. 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணிச் சட்டத்திற்கு உடன்பட மறுத்துக் கொக்கோ கோலா நிறுவனம் 1977-இல் நாட்டைவிட்டு வெளியேறிற்று. அந்நாள்வரை அதனைப் புட்டியில் அடைத்து விற்று வந்த பியூர் டிரிங்க்ஸ் நிறுவனம், தானே ஒரு கோலாவைச் செய்து கேம்பா எனப் பெயரிட்டது. மைசூரிலுள்ள மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறைப்படி அரசாங்கமும் ‘77’ என்றொரு பானத்தை வெளியிட்டது. அது நிலைக்கவில்லை. கேம்பாவோ பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திருமண வீடுகளிலும் திரையரங்குகளிலும் கொடிகட்டிப் பறந்தது.

பின்னர்க் காலம் மாறிற்று. 1990-இல் பெப்சி வந்தது. 1993-இல் கொக்கோ கோலா திரும்பி வந்து, தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் ஆகிய பெயர்களைப் பார்லே நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டது. கேம்பா தேய்ந்து தேய்ந்து கடைகளிலிருந்து மறைந்தது.

இதில் விளம்பரச் செலவு ஒன்றே காரணம் அன்று. சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு வேறொன்றும் புலப்படுகின்றது. கண்ணாடிப் புட்டி கனமானது, உடையக்கூடியது, வெறும் புட்டியாகி ஆலைக்குத் திரும்பியும் ஆகவேண்டும். போகவும் வரவும் கூலி. ஆதலால் குடிப்பவருக்கு அருகிலேயே ஆலை இருத்தல் வேண்டும். ஊருக்கு ஒரு சோடாக் கம்பெனி தழைத்ததன் சூட்சுமம் இதுவே. திரும்பி வர வேண்டாத பிளாஸ்டிக் புட்டி பரவியதும் அந்தப் பாதுகாப்பு அகன்றது. தொலைவிலுள்ள பெரிய ஆலை நம் தெருமுனைக்கே வந்துவிட்டது.

2022-இல் ரிலையன்ஸ் நிறுவனம் கேம்பாவின் பெயரை ஏறத்தாழ 22 கோடி ரூபாய்க்கு வாங்கியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. 2023 மார்ச்சில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விற்பனை தொடங்கிற்று. 200 மில்லி புட்டி 10 ரூபாய். பெயர் மீண்டது, மலிவும் வந்தது. ஆயினும் உடையவர் வேறு, ஆலை வேறு.

இதனோடு நம் தாயகத்துக் காளிமார்க்கை ஒப்பிட்டுப் பாருங்கள். 1916-இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய நிறுவனம் அது. அதன் பொவண்டோவும் அதே புயலில் ஒடுங்கிற்று, ஆனால் மூடப்படவில்லை. இளைத்த நாளிலும் அதைக் கேட்டு வாங்கிக் குடித்தவர்கள் இருந்தார்கள். 2017-இல் சல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, மார்ச் முதல் நாளிலிருந்து அயல்நாட்டுக் கோலாக்களை விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் முடிவு செய்தபோது, மக்கள் கை நீட்டிய இடத்தில் பொவண்டோ இருந்தது. இருந்தமையாலன்றோ எழ முடிந்தது!

நினைவு ஒரு பொருளைக் காப்பாற்றுவதில்லை; நாள்தோறும் புழங்குதலே காப்பாற்றுகின்றது. கேம்பாவை நினைந்து உருகியோர் பல்லாயிரவர். எனினும், கடையில் கேட்பார் அருகிய பின் அது இருபதாண்டுக் காலம் வெறும் பெயராகவே கிடந்தது.

நம் இல்லங்களில் தமிழின் நிலையும் இத்தகையதே. பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது தேவையே. ஆனால் ஆண்டுவிழா மேடையில் மட்டும் தமிழை இனிது என்று புகழ்ந்து, உணவு பரிமாறும்போதும் கணக்குச் சொல்லித் தரும்போதும் அதனை விலக்கி வைத்தால், அதுவும் நினைவில் மட்டுமே இனிக்கும் பண்டமாகிவிடும். பின்னொரு நாள் 22 கோடி கொடுத்தாலும் அதை மீட்டுத் தருவார் எவருமிலர்.

ஆகவே ஒரு சிறு விண்ணப்பம். வரும் சங்க விழாவில் குழந்தைகளுக்கு உள்ளூர்ச் சோடாக்காரரிடமே சில பெட்டிகள் வாங்குவோம். அவரிடம் தெலுங்கில் விலை பேசுவோம். வாங்கிய சோடாவைப் பிள்ளைகளிடம் தமிழில் பேசியபடியே கொடுப்போம்.