பழைய போட்டோவுக்கு வண்ணம் பூசும் முன்...

கறுப்பு வெள்ளை போட்டோவை ஒரே கிளிக்கில் கலர் போட்டோவாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர்கள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. தாத்தா, பாட்டி கல்யாண போட்டோ என்றால் தாராளமாகச் செய்து பாருங்கள். ஆனால் படத்தில் இருப்பது போரில் விழுந்து நொறுங்கிய விமானம் என்றால் அந்த பட்டனைத் தொடவே கூடாது என்பது என் கருத்து.

தவளக்குப்பத்தில் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். புதுச்சேரிப் பகுதியில் சொல்தா குடும்பங்கள் நிறைய. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் ஆல்பங்களில் இப்படி ஒரு படம் இருந்தால், அது எந்த நாட்டு விமானம் என்பதுதான் முதல் கேள்வி. பிரெஞ்சு விமானத்தின் வட்டச் சின்னத்தில் நடுவில் நீலம், வெளியே சிவப்பு. பிரிட்டிஷ் விமானத்தில் நேர் எதிர். அக்காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம் சிவப்பை உணராது. அதில் சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். பான்குரோமேட்டிக் பிலிமில் அப்படி விழாது. எந்த பிலிம் என்று தெரியாத சாஃப்ட்வேர் குத்துமதிப்பாக வண்ணம் பூசினால் விமானத்தின் நாடே மாறிவிடும்!

பக்கத்தில் உள்ள இலங்கையைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை. இரு தரப்பிலும் விமானங்கள் விழுந்தன. இவற்றின் சிதைவு என்று ஒரு படம் கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது? சக்கரத்தைப் பாருங்கள். உள்ளே மடங்காத, மூடி போட்ட சக்கரம் என்றால் 'வால்' எனப்பட்ட ஐச்சி ரகமாக இருக்கலாம். அது சண்டை விமானமே அல்ல, குண்டு வீசும் விமானம். மடங்கும் சக்கரமும், வட்டமாக சிலிண்டர்கள் அடுக்கிய எஞ்சினும் இருந்தால் 'ஜீரோ'வா என்று பார்க்கலாம். நீளமான எஞ்சினும், துணி எரிந்து குழாய்ச் சட்டம் தெரியும் பின்பகுதியும் இருந்தால் பிரிட்டிஷ் 'ஹரிக்கேன்' ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

வட்டச் சின்னம் காலத்தையும் சொல்லும். ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக்கூடாது என்று, 1943 வாக்கில் இந்தியப் பகுதியில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் சின்னத்தில் சிவப்பையே எடுத்துவிட்டு, நீலத்திலேயே இரண்டு சாயல்களை வைத்தார்கள். வண்ணம் பூசும் சாஃப்ட்வேர் அங்கே சிவப்பைப் போட்டால் அந்தச் சாட்சி போய்விடும்.

படத்தைக் கூர்மையாக்கும் ஏஐ வசதி இதைவிட ஆபத்தானது. பிரிட்டிஷ் விமானம் ஒவ்வொன்றுக்கும் வால் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த தனி சீரியல் நம்பர் உண்டு. அது கிடைத்தால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஸ்குவாட்ரன் பதிவேடுகளில் நாளையும் விமானியையும் தேட முடியும். மங்கிப் போன 3 என்ற எண்ணை ஏஐ அழகாக 8 என்று வரைந்து கொடுத்தால், யாரோ ஒருவரின் மரணம் இன்னொருவர் கணக்கில் எழுதப்படும்.

எனவே முதலில் ஸ்கேன் மட்டும் செய்யுங்கள். குறைந்தது 600 டிபிஐ, சின்னப் படம் என்றால் 1200. கலர் மோடிலேயே எடுங்கள். கறைக்கும் மைக்கும் வித்தியாசம் அதில்தான் தெரியும். ஜேபெக் வேண்டாம், டிஃப் பைலாக சேவ் செய்யுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். நெகட்டிவ் இருந்தால் இன்னும் நல்லது. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் மாற்றங்களை காப்பியில் மட்டும் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாததைச் சேர்த்துத் தருவது நமக்கு வேடிக்கை. திரும்பி வராத மகனைத் தேடும் குடும்பத்துக்கு அது பொய்த் தகவல். மங்கலான படம் மங்கலாகவே இருக்கட்டும்.